முழுமையில்லாத கருமாதிரி எதைக் கற்றுத் தருகிறது?

கேள்வி இதுதான்: விந்தும் முட்டையும் இல்லாமல், பல வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களிலிருந்து வளர்க்கப்படும் கருமாதிரிகள் உண்மையான கருக்கள் அல்ல என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள், அப்படியிருக்க, கரு எப்படி உருவம் பெறுகிறது என்பதை அவற்றை வைத்து எப்படி அறிய முடியும், உண்மையான கருவையே ஆராய்ந்தால் போதாதா?

மனிதக் கருவை ஆராய்வதில் சட்டத் தடைகளும் அறச் சிக்கல்களும் இருப்பதால் மாற்று தேவைப்படுகிறது என்பதே இதற்கு வழக்கமாகத் தரப்படும் விடை. அது சரியான விடைதான், ஆனால் பாதி விடை. அத்தகைய தடை ஏதும் இல்லாத சுண்டெலிக் கருவுக்கும் ஆய்வாளர்கள் மாதிரிகளை உருவாக்கி வருகிறார்கள் என்பதைக் கவனித்தால், இன்னொரு காரணமும் இருக்க வேண்டும் என்பது புரியும். கருவில் எல்லாமே ஒரே சமயத்தில் நடக்கிறது. செல்கள் பெருகுகின்றன, நகர்கின்றன, ஒன்றையொன்று இழுக்கின்றன, தள்ளுகின்றன, பக்கத்துத் திசுவுக்கு வேதிச் செய்தி அனுப்புகின்றன. இவற்றுள் எது உருவத்துக்குக் காரணம், எது வெறும் உடன்நிகழ்வு என்று பிரித்தறிய வேண்டுமானால், சிலவற்றை விலக்கிவிட்டு மீதியைக் கொண்டு உருவம் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். உண்மையான கருவில் ஒன்றை விலக்கினால் பெரும்பாலும் கரு இறந்துபோகும். அந்தப் பகுதி தேவை என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும். எவையெல்லாம் சேர்ந்தால் போதும் என்ற கேள்விக்கு விடை வேண்டுமென்றால், அடியிலிருந்து கட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

முதலில், கண்ணுக்குத் தெரியாமல் போகும் நாட்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கருவுற்ற ஐந்தாறு நாட்களில் மனிதக் கரு பிளாஸ்டோசிஸ்ட் எனப்படும் உள்ளீடற்ற சிறு பந்தாகிறது. அதன் வெளிச்சுவரில் உள்ள செல்கள் பின்னாளில் நஞ்சுக்கொடிக்குப் போகும். உள்ளே ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் செல்கொத்திலிருந்துதான் உடல் உருவாகும். ஏழாம் நாள் வாக்கில் இந்தப் பந்து கருப்பைச் சுவருக்குள் புதையத் தொடங்குகிறது. 14ஆம் நாளையொட்டி, தட்டையான கருவட்டின் மீது ஆதிக்கோடு என்ற மெல்லிய வரிப்பள்ளம் தோன்றுகிறது. செல்கள் அந்தப் பள்ளத்தின் வழியே உள்ளே இறங்கி, புற அடுக்கு, நடு அடுக்கு, அக அடுக்கு என மூன்று அடுக்குகளாகப் பிரிகின்றன. கேஸ்ட்ருலேஷன் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். 22ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது, 28ஆம் நாளுக்குள் நரம்புக் குழல் மூடிக்கொள்கிறது. தலை எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம், எந்தச் செல் எலும்பாகும், எது குடலாகும் என்பவையெல்லாம் முடிவாகும் இந்தக் காலத்தில், தான் கருவுற்றிருப்பதே பல பெண்களுக்குத் தெரியாது.

ஆய்வகத்திலும் இந்த நாட்கள் எட்டாதவையே. பிரிட்டனில் வார்னாக் குழு 1984இல் தந்த அறிக்கை, மனிதக் கருவை 14 நாட்களுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று பரிந்துரைத்தது; 1990இல் அது அங்கே சட்டமானது; வேறு பல நாடுகளும் அதே எல்லையை ஏற்றுக்கொண்டன. ஆதிக்கோடு தோன்றிய பிறகு ஒரு கரு இரட்டையராகப் பிரிவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது, தனியொரு உடல் உருவாகத் தொடங்குகிறது என்பதால்தான் அந்த நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. நெடுங்காலம் இந்த விதி காகிதத்தில் மட்டுமே இருந்தது, ஏனென்றால் ஒரு வாரத்துக்கு மேல் கருவை வெளியே வளர்க்க யாராலும் முடியவில்லை. 2016இல் கேம்பிரிட்ஜில் மக்தலேனா செர்னிக்கா-கோட்ஸின் குழுவும், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அலி பிரிவன்லூவின் குழுவும் 12, 13 நாட்கள் வரை வளர்த்துக் காட்டியபோதுதான் முதன்முறையாக விதியை மதித்து ஆய்வை நிறுத்த வேண்டியிருந்தது. உருவாக்கத்தின் மிக முக்கியமான கட்டம் தொடங்கும் நாளும் கதவு மூடப்படும் நாளும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. சுண்டெலியைப் பார்த்துக்கொள்ளலாமே என்றால், அந்தக் கட்டத்தில் மனிதக் கரு தட்டையான வட்டு. சுண்டெலிக் கருவோ ஒரு குவளை. வடிவத்தைப் பற்றிய ஆய்வில் இது சிறிய வேறுபாடு அல்ல.

இனி, எதையெல்லாம் விலக்கியும் உருவம் எழுந்தது என்பதற்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை பிரிவன்லூ, எரிக் சிக்கியா ஆகியோரின் ஆய்வகத்தில் அர்யே வார்ம்ஃப்ளாஷ் செய்து 2014இல் வெளியிட்டது. ஒரு கண்ணாடித் தட்டில், செல்கள் ஒட்டிக்கொள்ளக்கூடிய புரதத்தை வட்ட வட்டமாக அச்சிட்டார்கள். மிகப் பெரிய வட்டத்தின் விட்டம் ஒரு மில்லிமீட்டர். மனிதக் கருவின் ஸ்டெம் செல்களை அதன்மேல் விட்டால், அவை வட்டத்தை நிரப்பி நிற்கும். எல்லாம் ஒரே மாதிரியான செல்கள், எந்த வேறுபாடும் இல்லை. அதன் மீது பிஎம்பி4 என்ற ஒரே ஒரு சமிக்ஞைப் புரதத்தை எல்லா இடத்திலும் சமமாகப் படும்படி ஊற்றினார்கள். இரண்டு நாட்களுக்குள் வட்டத்தில் வளையங்கள் தோன்றின: நடுவில் புற அடுக்குச் செல்கள், அதைச் சுற்றி நடு அடுக்கு, அதற்கு வெளியே அக அடுக்கு, விளிம்பில் கருவுக்கு வெளியேயான திசுவை ஒத்த செல்கள். கருப்பை இல்லை, நஞ்சுக்கொடி இல்லை, தலை-வால் என்ற திசைகூட இல்லை. வட்டமான எல்லை ஒன்று இருந்ததே போதுமானதாக இருந்தது.

சமமாக ஊற்றிய திரவத்தை எல்லாச் செல்களும் சமமாக உணரவில்லை என்பதே இதன் சூட்சுமம். நடுவில் செல்கள் நெருக்கமாக நிற்கும்போது பிஎம்பி4ஐ உணரும் ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பிலிருந்து பக்கவாட்டுக்கு நகர்ந்துவிடுகின்றன. மேலே ஊற்றும் திரவம் அவற்றை எட்டுவதில்லை. விளிம்பில் உள்ள செல்களுக்கு அந்த நெருக்கடி இல்லாததால் அவை மட்டும் சமிக்ஞையை முழுமையாகக் கேட்கின்றன. கேட்ட செல்களே நாகின் என்ற தடுப்புப் புரதத்தையும் சுரக்கத் தொடங்குகின்றன. அது வட்டத்துக்குள் பரவி நடுப்பகுதியை மேலும் அடக்கிவைக்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. வட்டத்தைச் சிறியதாக அச்சிட்டால் வளையங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி நடக்கவில்லை. விளிம்பு வளையங்கள் அதே அகலத்தில் அப்படியே இருந்தன, நடுவில் இருக்க வேண்டிய பகுதிதான் காணாமல் போனது. செல்கள் தாங்கள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை விளிம்பிலிருந்து எண்ணிக் கணக்கிடுகின்றன என்பது இதிலிருந்து தெரிந்தது. உண்மையான கருவை வைத்து இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. கருவின் அளவை நம் விருப்பப்படி கால் பங்காக அச்சிட முடியாதல்லவா?

அதே ஆய்வகம் 2018இல் மேலும் ஒரு படி போனது. ஒரு கருவிலிருந்து எடுத்த சிறு திசுத் துண்டை இன்னொரு கருவில் ஒட்டவைத்தால் அங்கே இரண்டாவது உடலச்சு முளைக்கிறது என்று ஹில்டே மாங்கோல்டும் ஹான்ஸ் ஸ்பேமனும் 1924இல் நியூட் என்ற நீர்நில உயிரியின் கருக்களில் காட்டியிருந்தார்கள். அந்தத் துண்டுக்கு ஒழுங்கமைப்பான் என்று பெயர். மனிதக் கருவிலும் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பினாலும், அதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லாமல் இருந்தது. அச்சிட்ட வட்டத்தில் வளர்ந்த மனிதச் செல்களுக்கு வின்ட், ஆக்டிவின் என்ற இரு சமிக்ஞைகளைக் கொடுத்து, பிறகு அவற்றைக் கோழிக் கருவில் ஒட்டவைத்தபோது, கோழிக் கரு தன் சொந்தச் செல்களையும் கொண்டு இரண்டாவது அச்சைத் தொடங்கியது. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டாகக் காத்திருந்த கேள்விக்கு மனிதக் கரு எதையும் தொடாமலேயே விடை கிடைத்தது.

அச்சிட்ட வட்டத்துக்குத் திசை கிடையாது என்றேன். திசை எங்கிருந்து வருகிறது என்பதற்கு, கேஸ்ட்ருலேஷன் கட்டத்தை ஒத்திருக்கும் செல்திரள்களான கேஸ்ட்ருலாய்டுகளைப் பார்க்க வேண்டும். அல்ஃபோன்சோ மார்ட்டினெஸ் அரியாஸின் குழு 2014இல் விவரித்த முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. அடி உருண்டையான ஒரு சிறு குழியில் ஏறக்குறைய 300 சுண்டெலி ஸ்டெம் செல்களைப் போடுகிறார்கள். அவை இரண்டு நாட்களில் ஒரு சிறு பந்தாகத் திரள்கின்றன. அதன்பின் ஒரு நாள் மட்டும், வின்ட் சமிக்ஞையைத் தூண்டும் வேதிப்பொருள் ஒன்றைச் சேர்த்துவிட்டு, மூன்றாம் நாள் முடிவில் கழுவி எடுத்துவிடுகிறார்கள். ஆதிக்கோட்டுச் செல்களின் அடையாளமான பிராக்கியூரி என்ற மரபணு செயல்படும் இடத்தில் பச்சையாக ஒளிரும்படி செல்களை முன்பே மாற்றியிருந்தால், அடுத்து நடப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். தொடக்கத்தில் பந்து முழுவதும் பரவலாகப் பச்சை தெரியும். போகப்போக அது ஒரு முனையில் மட்டும் ஒதுங்கும். பிறகு அந்த முனை நீண்டு, ஐந்தாம் நாளில் பந்து என்ற வடிவமே போய், முன்னும் பின்னும் உள்ள ஒரு நீள்வடிவம் நிற்கும். எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், கருவுக்கு வெளியே சூழ்ந்துள்ள திசுக்களே ஆதிக்கோடு எங்கே தோன்ற வேண்டும் என்று தீர்மானிக்கின்றன என்பது சுண்டெலியில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. கேஸ்ட்ருலாய்டில் அந்தத் திசுக்கள் அறவே இல்லை, ஆனாலும் அச்சு உருவாகிறது. ஆகவே சமச்சீரைக் குலைத்துத் திசை ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் திறன் அந்தச் செல்களிடமே இருக்கிறது. சூழ்ந்துள்ள திசுக்களின் வேலை அந்தத் திறனைச் சரியான இடத்துக்கும் நேரத்துக்கும் திருப்பிவிடுவது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அவற்றை அலட்சியப்படுத்தவும் கூடாது. கேஸ்ட்ருலாய்டில் மூளைக்குரிய முன்பகுதி சரியாக உருவாவதில்லை என்பதே அவற்றின் பங்கைக் காட்டிக்கொடுக்கிறது. இருப்பதைப் பார்த்து ஒன்றைத் தெரிந்துகொள்கிறோம், இல்லாமல் போனதைப் பார்த்து இன்னொன்றைத் தெரிந்துகொள்கிறோம்.

உருவம் என்பது வேதிச் செய்தியால் மட்டும் ஆவதல்ல என்பதையும் இதே மாதிரி காட்டியது. நீண்டுகொண்டிருக்கும் கேஸ்ட்ருலாய்டில், முதுகெலும்பாகவும் தசையாகவும் மாற வேண்டிய செல்களில் உரிய மரபணுக்கள் எல்லாம் உரிய வரிசையில் இயங்குகின்றன; ஆனால் சோமைட்டுகள் எனப்படும் இணை இணையான கட்டிகள் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நான்காம் நாளில் வளர்ப்புத் திரவத்தோடு மேட்ரிஜெல் என்ற மென்கூழைக் கொஞ்சம் கலந்தால், அதே செல்கள் அழகாகத் துண்டு துண்டாகப் பிரிந்து சோமைட்டுகளாக நிற்கின்றன. 2020இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே அறிவித்தன. திட்டம் செல்களுக்குள்ளேயே இருந்தது. பற்றிக்கொள்ளத் தாங்கல் ஒன்று இல்லாததால்தான் அது வடிவமாக வெளிப்படவில்லை. மரபணு வரிசையை மட்டும் படித்துவிட்டு உருவாக்கத்தைப் புரிந்துகொண்டதாக நினைப்பவர்களுக்கு இந்தச் சோதனையை நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு.

சோமைட்டுகளைச் சொன்னதால் அவற்றின் கடிகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு சோமைட்டும் ஒரு தாளகதியில் பிரிகிறது. சில மரபணுக்கள் அலையலையாக எழுந்து அடங்குவதே அந்தத் தாளம். சுண்டெலியில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். மனிதனில் எவ்வளவு என்பதை நேரடியாக அளக்கவே முடியாதிருந்தது. ஸ்டெம் செல்களைச் சோமைட்டுகளுக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவந்து அளந்தபோது ஏறக்குறைய 5 மணி நேரம் என்று தெரியவந்தது. ஏன் இந்த வேறுபாடு? கடிகாரத்தின் முக்கியப் பகுதியான ஹெஸ்7 மரபணுவின் மனித வடிவத்தைச் சுண்டெலிச் செல்லிலும் சுண்டெலி வடிவத்தை மனிதச் செல்லிலும் மாற்றிப் பொருத்திப் பார்த்தார்கள். தாளம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. சுண்டெலிச் செல் தன் வேகத்திலும் மனிதச் செல் தன் வேகத்திலும் ஓடின. அந்த மரபணுவின் எழுத்துகளில் இல்லை வேறுபாடு. மனிதச் செல்லுக்குள் புரதங்கள் உருவாவதும் சிதைவதும் மெதுவாக நடக்கின்றன என்பதுதான் காரணம் என்று 2020இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

செய்திகளில் இடம்பிடிப்பவை வேறு வகை மாதிரிகள்: உண்மையான கருவை முடிந்தவரை முழுமையாக ஒத்திருக்க முயல்பவை. 2022 ஆகஸ்டில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜேக்கப் ஹன்னாவின் குழுவும், செர்னிக்கா-கோட்ஸின் குழுவும் ஸ்டெம் செல்களை மட்டும் கொண்டு, சுண்டெலிக் கருவின் எட்டரை நாள் நிலையை ஒத்த மாதிரிகளை வளர்த்தன. துடிக்கும் இதயமும் மடிந்து வரும் மூளையும் அவற்றில் இருந்தன. உடலாகும் செல்களோடு, நஞ்சுக்கொடிக்கும் மஞ்சட்கருப் பைக்கும் உரிய செல்களையும் கலந்துவிட்டதே வழி. கலந்த செல்கள் தாமாகவே பிரிந்து உரிய இடத்தில் நிற்பதற்கு, ஒவ்வொரு வகையும் தன் மேற்பரப்பில் வெவ்வேறு கேதரின் ஒட்டுப்புரதத்தைத் தாங்கியிருப்பதே பெரிய காரணம் என்பதும் இத்தகைய மாதிரிகளில்தான் தெளிவானது. பாக்ஸ்6 என்ற மரபணுவை நீக்கிய செல்களிலிருந்து மாதிரியை வளர்த்தபோது, அந்த மரபணு இல்லாத சுண்டெலிகளில் அறியப்பட்ட நரம்புக் குழல் கோளாறே அதிலும் தென்பட்டது. மாதிரியை நம்பலாமா என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் அந்தச் செய்திகள் அதிகம் பேசாத எண் ஒன்று உண்டு. ஹன்னாவின் சோதனையில் திரண்ட செல்கொத்துகளில் அந்த நிலையை எட்டியவை ஏறக்குறைய 0.5 விழுக்காடு, அதாவது இருநூறில் ஒன்று. மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் எங்கேயோ தடம் புரண்டன. அழகாக வளர்ந்த ஒன்றின் படத்தைப் பார்த்து வியப்பதைவிட, மற்றவை ஏன் தவறின என்று கேட்பதுதான் உருவாக்க ஆய்வுக்கு அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. தொடக்கத்தில் எத்தனை செல், எந்த விகிதம், எந்த மணி நேரம் என்பதில் சிறிது பிசகினாலும் விளைவு வெகுதூரம் விலகிப்போகிறது. இயற்கைக் கரு அந்தப் பிசகுகளை எப்படித் தாங்கிக்கொள்கிறது என்பது இன்னும் விடை தேடப்படும் கேள்வி.

மனிதச் செல்களைக் கொண்டு செய்த மாதிரிகளும் 2023இல் அடுத்தடுத்து வெளிவந்தன. ஹன்னாவின் மாதிரி 14ஆம் நாள் வரையிலான கருவின் அமைப்பை ஒத்திருந்தது. இவற்றைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைப்பது நல்லது: வடிவம் ஒத்திருப்பதும் செல்கள் ஒத்திருப்பதும் ஒன்றல்ல. 2021இல் பிளாஸ்டோசிஸ்ட்டை ஒத்த பிளாஸ்டாய்டுகள் அறிவிக்கப்பட்டபோது, அவற்றுள் ஒருவகையில் நஞ்சுக்கொடிக்கு முன்னோடி என்று கருதப்பட்ட வெளிச்சுவர்ச் செல்கள் உண்மையில் பனிக்குடச் செல்களையே அதிகம் ஒத்திருக்கின்றன என்று பிறர் மறுஆய்வு செய்து சுட்டிக்காட்டினார்கள். பந்து பந்தாகவே இருந்தது. சுவரில் நின்ற ஆள்தான் வேறு.

இவற்றிலிருந்து குழந்தை பிறந்துவிடுமா என்ற அச்சமும் கேள்விக்குப் பின்னால் இருக்கக்கூடும். சீனாவில் குரங்குச் செல்களிலிருந்து வளர்த்த பிளாஸ்டாய்டுகளை எட்டுப் பெண் குரங்குகளின் கருப்பையில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றில் கருவுற்றதற்கான அறிகுறிகள் தெரிந்தன, எதுவும் நீடிக்கவில்லை. 2023இல் வெளியான ஆய்வு இது. மனித மாதிரிகளை எந்தக் கருப்பையிலும் வைக்கக் கூடாது என்பதில் ஸ்டெம் செல் ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் உறுதியாக நிற்கிறது. 2025இல் திருத்திய வழிகாட்டுதல்களில், உடலுக்கு வெளியே உயிர்பிழைக்கும் நிலையை எட்டும்வரை அவற்றை வளர்ப்பதையும் அது விலக்கியிருக்கிறது. சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறுபடுகின்றன. ஆஸ்திரேலியாவில் பிளாஸ்டாய்டில் ஒருவகையைச் சட்டப்படி கரு என்றே வகைப்படுத்தினார்கள்.

நடைமுறைப் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1957இல் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மருந்து, கருவுற்ற ஏறக்குறைய 20ஆம் நாளுக்கும் 36ஆம் நாளுக்கும் இடையே தாய் உட்கொண்டால் குழந்தையின் கை கால்களைக் குலைத்தது. சுண்டெலிகளுக்கோ அது அத்தகைய கேடு எதையும் செய்வதில்லை. மனிதச் செல்களாலான மாதிரிகளில் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் முயற்சிகள் நடப்பதற்கு இதைவிட வேறு காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, உண்மையான கருவையே ஆராய்ந்தால் போதாதா என்ற பகுதிக்கு வருகிறேன். போதாது, ஆனால் அது இல்லாமலும் முடியாது. மாதிரி ஒவ்வொன்றும் எதை ஒத்திருக்கிறது என்று சொல்ல அளவுகோல் ஒன்று வேண்டும். மனிதனில் கேஸ்ட்ருலேஷன் கட்டத்துக்கு இன்று ஆய்வாளர்கள் பெரிதும் எடுத்தாளும் அளவுகோல், 2021இல் வெளியான ஓர் ஆய்வின் தரவு. கருக்கலைப்பின்போது தானமாகக் கிடைத்த, ஏறக்குறைய 16 முதல் 19 நாள் வயதுடைய ஒரே ஒரு கருவைச் செல் செல்லாகப் பிரித்துப் படித்து, 1,195 செல்களின் மரபணுச் செயல்பாட்டை அதில் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆய்வகங்களில் வளரும் எத்தனையோ ஆயிரம் மாதிரிகள் அந்த 1,195 செல்களோடு ஒப்பிட்டுத்தான் எடைபோடப்படுகின்றன.